எட்டு பத்துக்குக் கிளம்புகிறவன்

இந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லையே? உட்கார்ந்துகொள்கிறேன், முழங்கால் நிற்க விடவில்லை. சிங்கப்பூர் விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று போர்டில் போட்டிருக்கிறான். போர்டை நம்பாமல் அந்தக் காக்கிச்சட்டைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவரும் போர்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

உங்களுக்கு யார் வருகிறார்கள்? வீட்டுக்காரரா. வெல்டரா. பெர்மிட்டை ரத்து பண்ணி மொத்தமாக அனுப்பிவிட்டார்களா? அடடா. பாருங்கள், நான் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, முன்பின் தெரியாத என்னிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது வராது. கான்வென்டில் வளர்ந்தவள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், அதுவும் முழு வாக்கியத்தில் சொல் என்று பழக்கிவிட்டார்கள்.

எனக்குப் பையனும் மருமகளும் வருகிறார்கள். அமெரிக்கா, ஒஹாயோ. எப்போதும் சென்னையில்தான் இறங்குவான். இந்தத் தடவை எங்கெங்கோ ஏறி இறங்கி, சிங்கப்பூரில் எட்டு மணி நேரம் காத்திருந்து, திருச்சிக்கே வருகிறான். டிக்கெட் மலிவாம். லீவில் வருகிறான். லீவுதான்.

எங்கள் வீட்டுக்காரர் வெளியே வேன்காரனோடு நிற்கிறார். வேன் எதற்கு? வருகிறவர்கள் இரண்டு பேர், எங்கள் காரே போதும் என்றேன். பெட்டி இருக்குமில்ல என்றார். மின்வாரியத்தில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர், என்னைக் கேட்காமல் ஒரு பல்புகூட வாங்கமாட்டார். அவர் தன்னிஷ்டத்துக்கு வேன் பேசியிருக்கிறார். அது என்ன என்று பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

போன வருடம் ஆறு மாதம் அங்கே போய் இருந்தேன். நிரஞ்சன் வீடு வாங்கினான், கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டான். அடுப்பு என்று ஒரு கண்ணாடிப் பலகை. பால் பொங்கி வழிந்தால் புகை மணி அடித்துவிடும் என்று மருமகள் தாரிணி துண்டால் விசிறிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். பால் விளிம்புக்கு வருவதற்குள் பலகையை அணைத்தும் விட்டாள். பொங்காத பாலைத்தான் சாமிக்கு வைத்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அந்த தேசத்தில் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும், அம்மா. ஆனால் ஒன்றையும் நம்ப முடியாது. ஹவ் ஆர் யூ என்று கேட்கிறார்கள். சரி, கேட்கிறாளே என்று நான் முழங்காலில் ஆரம்பித்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் ஆள் நாலு அடி தள்ளிப் போயிருப்பாள். சமையலறை மேடையில் ஒரு கறுப்பு உருண்டை. கூப்பிட்டால் பதில் சொல்லும். கூப்பிடாதபோது கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அந்த இரண்டாவதுதான் பயம். ஒருநாள் என் தங்கையோடு போனில், சுத்தத் தமிழில், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன். மறுநாள் என் போனில் முழங்கால் தைல விளம்பரம். நிரஞ்சன் சிரிக்கிறான். அதுக்குத் தமிழ் தெரியாதும்மா என்கிறான். நான் முனகினேனே, அது எந்த மொழி? அன்றிலிருந்து அதன் தலையில் இட்லிக் கொப்பரை மூடியைக் கவிழ்த்து வைத்தேன்.

தெருவில் மனிதர்களே நடப்பதில்லை. நான் நடந்தேன். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் தாரிணி போனைக் கொண்டுவந்து காட்டுகிறாள். தெருக்காரர்கள் எல்லாம் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மழையில்லாத நாளில் குடையோடு ஒரு பெண்மணி இரண்டு முறை இந்தப் பக்கம் போனார், யாருக்காவது தெரியுமா என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். எந்த வீட்டு வாசல் மணியோ என்னைப் படம் எடுத்திருக்கிறது. அங்கே வாசல் மணியிலேயே கேமரா உண்டு. படமும் பின்பக்கமாக. முன்பக்கம் எடுத்திருந்தாலாவது நான் நெற்றியில் பொட்டு வைத்த கௌரவமான குடும்பப் பெண் என்று தெரிந்திருக்கும்.

போதாக்குறைக்குத் தேர்தல் நேரம். நம் ஊரில் கட்சிக்காரன் வந்து சுவரில் எழுதுவான், வீட்டுக்காரன் திட்டுவான். அங்கே வீட்டுக்காரனே தன் புல்தரையில் அட்டை குத்தி வைக்கிறான், நான் இன்ன கட்சி என்று. இடது பக்கத்து வீட்டில் டேல் என்று ஒரு கிழவர். எழுபது இருக்கும். தனியாள். தாடி, தொப்பி, லாரி மாதிரி ஒரு வண்டி. அவர் வீட்டுக் கொடி ஒன்பது கஜம் புடவை அகலத்துக்கு இருக்கும், காற்றடித்தால் அதன் நிழல் நம் ஜன்னல்வரை வந்துபோகும். வந்தவனெல்லாம் வந்த வழியே போகட்டும் என்கிற கட்சியாம். எதிர் வீட்டு அம்மாள் அதற்கு நேர் எதிர்க் கட்சி. எல்லோரும் வருக என்று வாசலில் ஏழு நிறத்தில் எழுதி வைத்திருப்பாள். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட என்னை உள்ளே வா என்றதில்லை. டேல் என்ன செய்தார் தெரியுமா? டிசம்பரில் பனி கொட்டியபோது தன் வாசலை வழித்த கையோடு எங்கள் வாசலையும் வழித்துவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை. எதற்காகச் செய்கிறார் என்று நிரஞ்சனிடம் கேட்டேன். நல்ல மனுஷன்மா என்றான். நல்ல மனுஷன் எதற்குக் கொடி ஏற்றுகிறான்?

அதனால்தான் கிளம்புவதற்கு முன்னால் வாசல் நிலைக்கு மேலே கறுப்புக் கயிற்றில் படிகாரம் கட்டினேன். டேல் வேலியோரம் நின்று, அது என்ன வெள்ளைக் கல் என்று கேட்டார். பொல்லாத கண் படாமல் இருப்பதற்கு என்று சொன்னேன். யாருடைய கண் என்று கேட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று ஏர்போர்ட்டில் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நிரஞ்சன் என் போனை வாங்கி எதையோ அழுத்தினான். வாசல் மணியை உன் போன்ல போட்டுட்டேன்மா, அங்க இருந்தே நீ எங்களைப் பாத்துக்கோ என்றான். பேச்சுக்குச் சொன்னானோ என்னவோ. நான் பார்த்துக்கொண்டேன்.

வேவு பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஹாஸ்டலில் மதர் எங்கள் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். வீட்டிலிருந்து வருவதையும் படிப்பார், நாங்கள் எழுதுவதையும் படிப்பார். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கூடக் கொடுப்பார். அது அக்கறை. அமெரிக்காக்காரன் முகம் தெரியாதவளைப் பின்பக்கமாகப் படம் எடுப்பது வேவு. வித்தியாசம் உண்டு.

அங்கே காலை எட்டு பத்து என்றால் இங்கே சாயங்காலம் ஐந்து நாற்பது. நான் காபி கலந்துகொண்டு உட்காருவேன். அந்த வாசலில் ஆள் நடமாடினாலே டிங் டாங் என்று என் போன் அடிக்கும். ஆரம்பத்தில் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை எழுந்து போய் இந்த வாசலைத் திறந்து பார்த்தார். போனில் பார்த்தால் மேலே படிகாரம் ஆடிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்துகொண்டு என் பையன் இறங்குவான். தோளில் பை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. திங்கள், புதன், வியாழன் மூன்று நாள்தான் ஆபீஸ். மற்ற இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. அந்த மூன்று நாளும் படியிறங்கும்போது அந்த மணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போவான். மற்றவர்கள் ஏழு மணிக்கு சீரியல் பார்க்கிறார்கள். எனக்கு இது.

நிரஞ்சனுக்கு வேலை இருக்கும்வரைதான் அங்கே விசா, தாரிணிக்கு அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவள் வீட்டில்தான். ஆகஸ்ட் பாதியிலிருந்து என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. முதலில், கழுத்தில் அட்டையைக் காணோம். தொலைத்துவிட்டிருப்பாள் இவள், துவைக்கப் போடும்போது பையைப் பார்ப்பதில்லை. அப்புறம், மூன்று நாள் ஆபீஸ் போனவன் ஐந்து நாளும் போக ஆரம்பித்தான். டாணென்று எட்டு பத்து. தலையசைப்பு மட்டும் இல்லை. குனிந்தபடியே போவான். ஒருநாள் அங்கே மழை கொட்டுகிறது. குடை இல்லாமல் நனைந்துகொண்டே காருக்குப் போகிறான். அன்றைக்கு நான் காபியைக் குடிக்காமல் கொட்டினேன்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் தினம். தேசத்துக்கே விடுமுறை. நான் நம் காலண்டரில் அவர்கள் விடுமுறைகளை எல்லாம் பச்சை மையில் குறித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு மணி அடிக்காது என்று சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எட்டு பத்துக்கு டிங் டாங். பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். தெருவே தூங்குகிறது, எதிர் வீட்டு அம்மாள் வாசலில் பேப்பர்கூட எடுக்கவில்லை. இவன் மட்டும் ஆபீஸ் போகிறான். வெள்ளைக்காரன் விடுமுறையிலும் பிழிந்தெடுக்கிறான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே இறக்கவே இல்லை. உம் என்றார்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பார்சல். அங்கே ஆள் இல்லாத நேரத்தில் வாசலில் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போவான். அதைத் திருடுவதற்கென்றே ஒரு கூட்டம் காரில் சுற்றும். இங்கே ராத்திரிச் சமையல் நேரம், அங்கே காலை பத்து மணி. மணி அடிக்கிறது. பார்க்கிறேன். டேல். நம் வாசல்படியில் குனிந்து நம் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த மணியில் பேசுவதற்கும் ஒரு பொத்தான் உண்டு, அதுவரை நான் தொட்டதில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் கான்வென்ட் இங்கிலீஷில், அந்தப் பெட்டியை வைத்த இடத்திலேயே வையுங்கள், உங்களை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன். திருச்சியிலிருந்து. கையில் கரண்டியோடு.

கிழவர் ஆடிப்போய்விட்டார். முதலில் மேலே படிகாரத்தைத்தான் பார்த்தார். அது பேசுகிறது என்று நினைத்தாரோ என்னவோ. அப்புறம் பெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். மண்டையில் ஒரு முடி இல்லை.

"நிரஞ்சனின் அம்மாவா? குடை அம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். முழு வாக்கியத்தில் சொன்னேன்.

"பையனும் அந்தப் பெண்ணும் இன்டர்வியூவுக்காக வெளியூர் போயிருக்கிறார்கள், மேடம். மழை வரும், பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னான். அவன் வேலை போனதில் எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு மாடியையே காலி பண்ணிவிட்டார்களாம். இப்படிப்பட்ட பையன்கள் போக வேண்டியவர்கள் இல்லை."

அப்புறம், நான் பெட்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள், நன்றி, நீங்கள் போகலாம் என்றேன். மறுபடி குனிந்து தூக்கிக்கொண்டு போனார்.

என்ன துணிச்சல் பாருங்கள். என் பையனுக்கு வேலை போகுமா? ப்ளஸ் டூவில் மாவட்டத்தில் இரண்டாவது. கொடி ஏற்றுகிறவர், தன் மனசில் இருப்பதைச் சொல்கிறார். போகட்டும் போகட்டும் என்று ஊர்வலம் போனவர்களுக்கு இப்போது வருத்தமாம். நான் நம்பவில்லை. மறுநாள் நிரஞ்சன் போன் பண்ணினான். எடுத்ததுமே சொன்னேன்.

"உங்க பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மூளை குழம்பிப்போச்சு போல. உனக்கு வேலை போயிடுச்சுங்கறார்."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். ஹலோ ஹலோ என்றேன். இருந்தான்.

"ஆமாம்மா. வயசாயிடுச்சு அவருக்கு."

"அதானே. சாப்பிட்டியா?" என்றேன்.

சாப்பிட்டேன் என்றான்.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, ஐந்து நாற்பதுக்கு உட்கார்ந்தால் மணி அடிக்கவில்லை. போனைத் தட்டினால், உங்களுக்கு இந்த வீட்டைப் பார்க்க அனுமதி இல்லை என்று வருகிறது. என் பையன் வீட்டை. நான் பால் காய்ச்சிய வீட்டை. அவனைக் கேட்டால், அப்டேட் ஆகுதும்மா என்றான். நாலு வாரமாகவா ஒரு மணி அப்டேட் ஆகும்? தாரிணி வேலைதான், சந்தேகமே இல்லை. மாமியார் கண் உறுத்துகிறது. வந்து இறங்கட்டும், நேருக்கு நேர் கேட்கிறேன் என்று இருந்தேன். அந்த நாலு வாரமும் ஐந்து நாற்பதுக்குக் காபி மட்டும் கலந்துவிடுவேன். ஆறிப்போனதை எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். முப்பத்து நாலு வருஷத்தில் டம்ளர் கழுவாத மனுஷர்.

போன செவ்வாய்க்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், டிங் டாங். மடித்ததைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன், வீட்டைப் பார்க்கும் அனுமதி திரும்ப வந்திருக்கிறது. மணி ஐந்து நாற்பதுதான். பார்த்தால் நிரஞ்சன், பனியனோடு, கையில் ஸ்க்ரூ டிரைவர். பின்னால் புல்தரையில் ஒரு பலகை குத்தியிருக்கிறது. கட்சிப் பலகை இல்லை, இதில் போன் நம்பர் இருந்தது. அந்த டேல், கொடிக்காரர், நம் சோஃபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இன்னொரு முனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்கிறீர்கள்? எதிர் வீட்டு அம்மாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் தூக்குகிறார்கள்.

நிரஞ்சன் எக்கி, கறுப்புக் கயிற்றை அறுக்காமல், முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். நான் போட்ட முடிச்சு, லேசில் அவிழாது. படிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் மணிக்கு நேராக வந்து நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னையே பார்த்தான். பொத்தானை அழுத்தியிருந்தால் பேசியிருக்கலாம், அம்மா. அழுத்தவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தான், முன்பு அசைப்பானே, அப்படி. ஸ்க்ரூ டிரைவர் பெரிசாகக் கிட்டத்தில் வந்தது. அவ்வளவுதான், கறுப்பாகிவிட்டது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. டேல் பேசிய இங்கிலீஷ் எனக்கு முதல் தடவையே புரிந்தது. அதற்கு முன்னால், அந்த விடுமுறைத் திங்கட்கிழமையே புரிந்துவிட்டது. போகிற இடம் இல்லாதவன் ஐந்து நாளும் டாணென்று எட்டு பத்துக்கு யாருக்காகக் கிளம்பினான்? அந்த மழையில் யாருக்காக இறங்கினான்? திருச்சியில் ஒருத்தி காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான். நான் அன்றைக்கே போனை அணைத்துப் போட்டிருந்தால் அவன் இரண்டு வாரமாவது காலையில் கொஞ்சம் தூங்கியிருப்பான்.

நீங்கள் கொடுத்துவைத்தவர். பெர்மிட் போச்சு என்று உங்கள் வீட்டுக்காரர் உங்களிடம் போனிலேயே அழுதுவிட்டார். எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் தெரியும். நாலு பேரும் லீவு என்கிறோம். வேன் பேசியிருக்கிறாரே எங்கள் வீட்டுக்காரர், அவருக்கு எத்தனை பெட்டி என்பதுகூடத் தெரிந்திருக்கும்.

எழுந்திருங்கள், கதவைத் திறந்துவிட்டான். ஒரு மணி நேரம் என்று போட்டான், நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. போர்டை நம்பாதீர்கள் என்று சொன்னேனா இல்லையா? அதோ, நீலச் சட்டை. அவன்தான். பின்னால் தள்ளுகிறாளே, அது தாரிணி. பாவம், பாதி உடம்பாகிவிட்டாள். இரண்டு வண்டி நிறையப் பெட்டி. எட்டா, ஒன்பதா? எண்ணவேண்டாம், விடுங்கள்.

ஒரே ஒரு உதவி, அம்மா. அவன் இங்கே வந்து நிற்கும்போது எத்தனை நாள் லீவு என்று நீங்கள் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்கிறேன். நான் கேட்காவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.